குளத்து மீனும் கபச் சுரப்பியும்



கொல்கத்தாவிலோ கட்டாக்கிலோ உத்தியோக நிமித்தம் குடியேறிய நம்மவர் யாரும் ரோகு, கட்லா, மிரிகால் என்ற மூன்று பெயர்களைக் கேளாமல் ஒரு வாரத்தைக் கழித்திருக்க முடியாது. கடல் மீனுக்குப் பழகிய தென்னாட்டு நாவுக்கு இந்த நன்னீர்க் கெண்டைகளில் முதலில் சிறிது மண்வாடை வீசுவதுபோலத் தோன்றும், பிறகு பழகிவிடும். வங்காளத்துத் திருமண வீடுகளில் பெரிய ரோகு மீன் ஒன்றை மணப்பெண்ணைப்போல் அலங்கரித்துச் சீர்வரிசையோடு அனுப்பும் வழக்கத்தையும் உங்களிற் பலர் கண்டிருக்கலாம். மரக்கறி உணவினராகிய நேயர்கள் பொறுத்தருள வேண்டும். இன்று நாம் பேச எடுத்துக்கொண்டது மீனை உண்பதைப் பற்றியதன்று. மீன் இனம் பெருக்குவதைப் பற்றியது. நம் தலையோட்டின் அடியில் பட்டாணி அளவிற்கு ஒளிந்துகிடக்கும் ஒரு சுரப்பி, உயிரினங்களின் இனப்பெருக்க உறுப்புகளை எவ்வாறு ஆள்கிறது என்பதை விளக்க, இந்த மீன்களைவிட நல்ல உதாரணம் நமக்குக் கிடைக்கவில்லை.

முதலில் ஒரு புதிரைச் சொல்லுகிறோம். மேற்கூறிய மூன்று கெண்டைகளும் குளத்தில் செழிப்பாக வளர்கின்றன. இரண்டு மூன்று ஆண்டுகளில் பருவமடைகின்றன. சித்திரை, வைகாசி வெயிலில் பெண்மீனின் வயிறு சினையால் பருத்துவிடுகிறது. ஆண்மீனை மெல்ல அழுத்தினால் பாலைப்போன்ற விந்து கசிகிறது. ஆயினும் அக்குளத்தில் முட்டையிடுவதில்லை. மழைக்காலம் வந்து போகிறது. வயிற்றிலிருந்த சினையோ சிறிது சிறிதாகக் கரைந்து உடலிலேயே மீண்டும் கலந்துவிடுகிறது. அதே இன மீன் ஆற்றில் வாழுமானால், ஆனி, ஆடி மாதங்களில் புதுவெள்ளம் கரைபுரண்டு ஆழமற்ற வெளிகளிற் பரவும்போது, ஆணும் பெண்ணுமாக எதிர்நீச்சலடித்து அங்கே சென்று லட்சக்கணக்கான முட்டைகளைச் சொரிகிறது. மீன் ஒன்றே, உணவும் ஏறக்குறைய ஒன்றே, வயிற்றிற் சினையும் உண்டு. குளத்து மீனுக்குக் குறைவது என்ன?

இது வெறும் அறிவுப் புதிராக மட்டும் இருந்திருந்தால் சில பேராசிரியர்களோடு நின்றிருக்கும். ஆனால் குளம் வைத்திருந்த ஏழைக் குடியானவனுக்கு இது வயிற்றுப் பிரச்சினை. குளத்தில் மீன் முட்டையிடாதபடியால், ஒவ்வோர் ஆண்டும் விடுவதற்கு வேண்டிய குஞ்சுகளை அவன் விலைக்கு வாங்க வேண்டியிருந்தது. அவற்றை வெள்ளக் காலத்தில் கங்கை முதலிய ஆறுகளின் ஓரத்திற் புனல் வடிவான நுண்ணிய வலைகளைக் கட்டிப் பிடித்தார்கள். வலையில் விழுந்த கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாததுமான குஞ்சுகளிற் கெண்டை எது, கெண்டையைத் தின்னும் மீன் எது என்று பிரித்தறிவது கைதேர்ந்தவருக்கும் அரிது. அவற்றை மண்பானைகளில் நீரோடு இட்டு, ரயிலில் ஏற்றி, காற்றுக் கலக்கும்பொருட்டு வழிநெடுகப் பானையை ஆட்டிக்கொண்டே கொண்டுபோவார்கள். வழியில் மாண்டவை போக எஞ்சியவை குளத்தைச் சேர்ந்தன. சில மாதங்கள் கழித்து வலை வீசிப் பார்க்கும்போதுதான், தான் காசு கொடுத்து வாங்கியது ரோகுவா, ரோகுவைத் தின்ற வாளையா என்பது அந்தக் குடியானவனுக்குத் தெரியவரும். வெள்ளம் பொய்த்த ஆண்டில் அதுவும் இல்லை.

மேற்கு வங்காளத்தின் பாங்குரா, மிதுனப்பூர் மாவட்டங்களில் மட்டும் ஒரு பழைய தந்திரம் இருந்தது. சரிவான நிலத்தில் மண்கரை எழுப்பி, மேட்டில் பெய்யும் மழைநீர் திடீரென்று பாய்ந்து வந்து நிரம்பும்படியான நீர்நிலைகளை அமைத்து, அவற்றில் மீன்களை விட்டுவைப்பார்கள். பெருமழை பெய்து நீர் சுழித்து ஓடும்போது, ஆற்றில் இருப்பதாகவே மயங்கி அம்மீன்கள் முட்டையிட்டுவிடும். ஆகவே புதுநீரும் ஓட்டமும் மீனுக்கு ஏதோ செய்தி சொல்கின்றன என்பது அந்த ஊர்க்காரர்களுக்குத் தெரிந்தே இருந்தது. செய்தியைப் பெறுவது எது, அதை வயிற்றிலுள்ள சினைப்பைக்கு எடுத்துச் செல்வது எது என்பவைதாம் தெரியாதிருந்தன.

இனி அந்தச் சுரப்பியைப் பற்றிச் சொல்லுவோம். அதன் ஆங்கிலப் பெயர் பிட்யூட்டரி. மொழிபெயர்ப்பு நமது தொழில். ஆகவே பெயரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் மேலே செல்ல மனம் வரவில்லை. லத்தீன் மொழியில் அச்சொல்லின் வேர் கோழையைக் குறிக்கும். மூளையில் ஊறும் கோழை இச்சுரப்பியின் வழியாக மூக்கில் இறங்குகிறது என்று பண்டைய மேனாட்டு வைத்தியர்கள் நம்பினார்கள். அந்த நம்பிக்கை பொய்யென்று தள்ளப்பட்டு நெடுங்காலமாகியும் பெயர் நிலைத்துவிட்டது. தமிழிலும் கபச் சுரப்பி என்றே பெயர்த்து வைத்தோம். கபத்துக்கும் அதற்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை. இதற்கு மாறாக, ஹார்மோன் என்பதற்கு நம்மவர் கண்ட இயக்குநீர் என்ற சொல் மூலத்தின் பொருளை அப்படியே கொண்டிருக்கிறது. 1905-ஆம் ஆண்டில் இங்கிலாந்து நாட்டு உடலியல் அறிஞர் எர்னஸ்ட் ஸ்டார்லிங், தூண்டி இயக்குவது என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்தே ஹார்மோன் என்ற பெயரை வழங்கினார். ஒரு சுரப்பியில் ஊறி, குழாய் ஏதுமின்றி நேரே இரத்தத்தில் கலந்து, தொலைவிலுள்ள வேறோர் உறுப்பைத் தொழிற்படுத்தும் நீரே இயக்குநீர்.

மனிதரிடத்தில் கபச் சுரப்பியின் எடை ஏறத்தாழ அரை கிராம். மூளையின் அடித்தளத்திலிருந்து ஒரு சிறு காம்பில் தொங்கிக்கொண்டு, குதிரைச் சேணம் போன்ற ஓர் எலும்புக் குழியில் அமர்ந்திருக்கிறது. இத்துணைச் சிறிய பொருளுக்கு இயற்கை இவ்வளவு பத்திரமான அறையைக் கட்டியிருக்கிறதே, காரணமில்லாமலா என்று முற்காலத்தவர் ஐயுற்றிருக்கலாம். அதன் முதன்மை சோதனையால் தெளிவாக வெளிப்பட்டது 1920-களின் பிற்பகுதியிலேயாகும். அமெரிக்க அறிஞர் பிலிப் ஸ்மித் என்பவர் எலிகளின் மூளைக்கு ஊறு நேராதவாறு இச்சுரப்பியை மட்டும் அகற்றினார். ஆண் எலியின் விதைகள் சுருங்கின. பெண் எலியின் சூலகம் வற்றியது. பிறகு வேறு எலிகளின் கபச் சுரப்பியை எடுத்து அவற்றின் உடலில் வைத்தபோது, சுருங்கிய உறுப்புகள் மீண்டும் உயிர்பெற்றன. ஏறக்குறைய அதே காலத்தில் ஜெர்மனியில் சோன்டெக், ஆஷ்ஹைம் என்ற இருவரும் இதே முடிவுக்கு வந்தார்கள்.

இச்சுரப்பியின் முற்பகுதியிலிருந்து இனப்பெருக்க உறுப்புகளுக்குச் செல்லும் இயக்குநீர்கள் முக்கியமாக இரண்டு. ஒன்று பெண்ணின் சூலகத்தில் முட்டையையும் அதைச் சூழ்ந்த பையையும் வளர்க்கிறது. மற்றொன்று, முட்டை முதிர்ந்த தருணத்தில் திடீரெனப் பெருகி வந்து, பையை வெடிக்கச் செய்து முட்டையை வெளிப்படுத்துகிறது. ஆணிடத்தில் இவ்விரண்டும் சேர்ந்து விந்து உற்பத்தியையும் ஆண்மைக்குரிய இயக்குநீரையும் பேணுகின்றன. சூலகமும் விதையும் வெறும் ஏவலாளர்கள் என்று எண்ணிவிடலாகாது. அவை சுரக்கும் நீர்கள் இரத்தத்தின் வழியே மேலே சென்று, இங்கே போதுமான அளவு இருக்கிறது, நிறுத்துக என்று கபச் சுரப்பிக்குத் திருப்பிச் சொல்கின்றன. மாதவிடாய் நின்ற பெண்களிடம் சூலகம் ஓய்ந்து, இத்தடைச் சொல் நின்றுபோவதால், கபச் சுரப்பி முன்னிலும் மிகுதியாகச் சுரந்து, அது சிறுநீரிலும் வெளிப்படுகிறது. அச்சிறுநீரிலிருந்து பிரித்தெடுத்த இயக்குநீரே பிள்ளைப்பேறு இல்லாத மகளிர்க்கு மருந்தாயிற்று. கருத்தடை மாத்திரையோ இதற்கு நேர்மாறு: சூலகத்தின் நீரைப் போன்ற பொருளை வெளியிலிருந்து கொடுத்துக் கபச் சுரப்பியை அடக்கி, முட்டையை வெளிவிடும் அந்தத் திடீர்ப் பெருக்கு எழாமற் செய்கிறது. ஒரே கடிவாளத்தை ஒருவர் தளர்த்துகிறார். மற்றவர் இழுத்துப் பிடிக்கிறார்.

எலியில் நிகழ்வது மீனிலும் நிகழுமா என்று முதலில் பார்த்தவர்கள் தென் அமெரிக்கர்கள். அர்ஜென்டினாவின் பெர்னார்டோ ஹுஸே, 1930-ஐ ஒட்டி, மீனின் கபச் சுரப்பிச் சாற்றைக் குட்டிபோடும் சிறு மீன்களுக்கு ஊசிமூலம் செலுத்த, அவை காலத்துக்கு முன்பே ஈன்றன. கபச் சுரப்பி பற்றிய வேறொரு ஆராய்ச்சிக்காக 1947-இல் நோபல் பரிசு பெற்றவரும் இவரே. பிரேசிலின் ரொடோல்போ வான் இஹெரிங், 1930-களின் இடைப்பகுதியில், தம் நாட்டு ஆற்று மீன்களை இம்முறையால் முட்டையிடச் செய்தார். இந்தியாவில் 1930-களின் பிற்பகுதியிலேயே பஞ்சாபைச் சேர்ந்த ஹமீத் கான், பாலூட்டிகளின் கபச் சுரப்பிச் சாற்றைக் கொண்டு மிரிகால் மீனில் முயன்று பார்த்தார். கெண்டைக்குக் கெண்டையின் சுரப்பியே சிறந்தது என்பதும், உறவு விலக விலகச் சாற்றின் வலிமை குன்றுகிறது என்பதும் பிற்பாடு அனுபவத்தில் தெளிந்தன. 1950-களின் நடுவில் பெங்களூரில் ராமஸ்வாமி, சுந்தரராஜ் என்ற இரு அறிஞர்கள் கெளிறு இன மீன்களை ஊசியால் முட்டையிடச் செய்தார்கள். ஆனால் நாட்டுக்கு வேண்டியிருந்ததோ பெருங்கெண்டை.

அந்நாளில் ஒரிசா என்று வழங்கிய மாநிலத்தில், கட்டாக்கில், மத்திய உள்நாட்டு மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் குளமீன் வளர்ப்புப் பிரிவு இயங்கிவந்தது. அங்கே பணியாற்றிய ஹீராலால் சௌதுரி 1921-இல் சில்ஹெட் பகுதியிற் பிறந்தவர். நாட்டுப் பிரிவினையால் பிறந்த மண் வேறு நாடாகிவிட, பணிபுரிந்த மண்ணில் புகழ்பெற்றவர். 1955-இல் அவர் கட்லாவின் சுரப்பிச் சாற்றை விரல் நீளமே உள்ள ஒரு சிறு குளத்து மீனுக்குச் செலுத்தி வெற்றி கண்டிருந்தார். 1957-ஆம் ஆண்டு ஜூலை 10-ஆம் நாள், கேரளத்தவரான கே. எச். அலிக்குஞ்ஞியின் ஒத்துழைப்போடு, ஓட்டமில்லாத குளத்துநீரில், துணியாற் கட்டிய தொட்டிக்குள், பெருங்கெண்டைகளை முட்டையிடச் செய்தார். மிரிகாலும் ரோகுவும் இணங்கின. கட்லா சற்றுப் பிடிவாதமுடையது, அதற்குக் கூடுதல் பொறுமை வேண்டியிருந்தது. 1959-இல் வெளிநாட்டிலிருந்து கொண்டுவரப்பட்ட வெள்ளிக் கெண்டையும் புற்கெண்டையும் 1962-இல் அதே கட்டாக்கில் ஊசிக்குப் பணிந்தன.

செய்முறையைச் சற்று விரித்துரைக்கலாம். ஒரு பெரிய கண்டுபிடிப்பு எவ்வளவு எளிய கருவிகளால் நடந்தது என்பது அதில் விளங்கும். நல்ல சினைப் பருவத்தில் உள்ள மீனின் தலையைச் சந்தையில் வாங்கி, மண்டையோட்டின் மேற்பகுதியைச் சீவி, மூளையை மெல்லத் தூக்கினால், அதன் கீழே கடுகளவாக வெண்மையான சுரப்பி தென்படும். அதை உடையாமல் எடுத்து, நீர் கலவாத சாராயத்தில் இட்டு வைத்தால் நெடுநாள் கெடாது. வேண்டும்போது எடுத்து எடைபோட்டு, கண்ணாடிக் குழவியால் அரைத்து, காய்ச்சி வடித்த நீரிலோ மெல்லிய உப்புநீரிலோ கரைத்துத் தெளியவைத்து, தெளிவை ஊசியில் ஏற்ற வேண்டும். மாலை வேளையில், பெண்மீனின் வால் பக்கத்துத் தசையில், மீனின் ஒரு கிலோ எடைக்கு 2 அல்லது 3 மில்லிகிராம் வீதம் முதல் ஊசி. ஏறக்குறைய 6 மணி நேரம் சென்றபின் அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு வலிய இரண்டாம் ஊசி. ஆண்மீனுக்கு அப்பொழுது ஒன்றே போதும். ஒரு பெண்ணுக்கு இரண்டு ஆணாகத் துணித் தொட்டியில் விட்டுவிட்டால், இரவு கழியுமுன் நீர் அலம்புவது கேட்கும். விடியலில் தொட்டியின் அடியில் சவ்வரிசி பரப்பியதுபோல முட்டைகள் கிடக்கும். ஒரு கிலோ எடையுள்ள ரோகுவிடமிருந்து ஏறத்தாழ 2 லட்சம் முட்டைகள் கிடைக்கும். அவை முக்கால் நாள் அளவிலேயே பொரிந்துவிடுகின்றன.

இங்கே நம்மை வியப்பில் ஆழ்த்துவது ஒன்று உண்டு. குளத்து மீனின் தலையிலும் கபச் சுரப்பி இருக்கிறது. அச்சுரப்பியில் இயக்குநீர் நிறைந்தும் இருக்கிறது. அந்நிலையில் வேறொரு மீனின் சுரப்பியை அரைத்து ஏன் செலுத்த வேண்டும்? இதற்கு விடை மருத்துவ ஆராய்ச்சியிலிருந்து வந்தது. கபச் சுரப்பி தானே அரசன் அன்று. மூளையின் அடிப்பகுதியிலிருந்து ஆணை வந்தாலன்றி அது தன் களஞ்சியத்தைத் திறப்பதில்லை. அந்த ஆணையைச் சுமந்து வரும் பொருளின் அமைப்பை, லட்சக்கணக்கான பன்றி மூளைகளையும் ஆட்டு மூளைகளையும் அரைத்து வடித்து, 1971-இல் ஷாலி, கில்லமன் என்ற இரு அறிஞர்களின் ஆய்வுக்கூடங்கள் போட்டி போட்டுக்கொண்டு கண்டறிந்தன. 10 அமினோ அமிலங்கள் கோத்த சிறு சங்கிலி அது. 1977-இல் இருவரும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். மனிதரில் இந்த ஆணை நுண்ணிய இரத்தக் குழாய்களின் வழியே கபச் சுரப்பியை அடைகிறது. கெண்டை போன்ற முள்மீன்களிலோ மூளையின் நரம்பு நுனிகளே சுரப்பிக்குள் நேராக இறங்குகின்றன. ஆணை விட்டுவிட்டு, தாளம் தவறாமல் வர வேண்டும் என்பதும் பின்னர் குரங்குகளில் தெரியவந்தது. இடைவிடாது ஊற்றிக்கொண்டே இருந்தால் சுரப்பி செவிடாகிவிடுகிறது. ஆண்களின் ஒருவகைப் புற்றுநோயில், விதைகளின் இயக்குநீரை நிறுத்துவதற்கு மருத்துவர்கள் இந்தச் செவிட்டுத்தன்மையையே பயன்படுத்துகிறார்கள்.

கெண்டையிடம் இன்னும் ஒரு பூட்டு உண்டு. டோபமின் என்னும் பொருள், ஆணை வந்தாலும் சுரப்பி இணங்கிவிடாதபடி தடுத்துக்கொண்டிருக்கிறது. ஆற்றிலே புதுவெள்ளத்தின் ஓட்டமும், நீர் குளிர்வதும், ஆழமற்ற வெளியும், துணை மீன்களின் நெருக்கமும் ஒன்றுகூடும்போது ஆணை வலுக்கிறது, பூட்டும் திறக்கிறது. குளத்திலோ கோடை போய் மழை வந்தும், ஓட்டம் இல்லாதபடியால், களஞ்சியம் நிறைந்திருந்தும் கதவு மூடியே கிடக்கிறது. சௌதுரியின் ஊசி கதவைத் திறக்கவில்லை. வேறொரு களஞ்சியத்திலிருந்து தானியத்தைக் கொணர்ந்து கொடுத்தது. 1980-களில் வந்த புதிய ஊசிமருந்துகளோ கதவையே திறக்கின்றன. ஆணைப் பொருளைப் போலச் செயற்கையாகச் செய்த ஒன்றையும், டோபமினைத் தடுக்கும் டாம்பெரிடோன் என்ற மருந்தையும் அவற்றுள் கலந்திருக்கிறார்கள். வாந்தியை நிறுத்த மருத்துவர் நமக்கு எழுதிக்கொடுக்கும் அதே டாம்பெரிடோன்தான். ஒரே ஊசி போதும். மீன் தன் சுரப்பியைக் கொண்டே தன் காரியத்தை முடித்துக்கொள்கிறது. சந்தைகளில் மீன் தலைகளைத் தேடி அலைய வேண்டிய தேவையும் பெரும்பாலும் குறைந்தது.

கணக்கையும் சொல்லிவிடுகிறோம். 1950-51-இல் இந்தியாவின் மொத்த மீன் விளைவு ஏறத்தாழ 7.5 லட்சம் டன்; அதில் ஆறு குளங்களின் பங்கு 2.2 லட்சம் டன் அளவே. 2022-23-இல் மொத்தம் ஏறத்தாழ 175 லட்சம் டன். உள்நாட்டு நீர்நிலைகளின் பங்கு மட்டும் 131 லட்சம் டன். கடல் பின்தங்கி, குளம் முந்திவிட்டது. இவ்வளவும் ஊசியால் வந்ததென்று சொல்லுவது மிகை. தீவனமும், ஆந்திரத்துப் பெரும் பண்ணைகளும், சாலைகளும், பனிக்கட்டியும் பங்கு கொண்டவை. ஆனால் குஞ்சு இல்லையேல் இவை எவற்றுக்கும் வேலையில்லை. காவிரிக்கு இயல்பில் உரியதல்லாத கட்லா, மேட்டூர் நீர்த்தேக்கத்தில் இன்று வலையில் விழுகிறதென்றால், குஞ்சுகளை வேண்டியபோது பொரித்து விடலாம் என்ற நிலை அதற்குத் துணைநின்றது. ஜூலை 10-ஆம் நாளை மீன் வளர்ப்போர் தினமாக 2001 முதல் நாடு கொண்டாடிவருகிறது. சௌதுரி அதைக் கண்டு, 2014-இல் மறைந்தார்.

ஆற்றின் வேலையை நாம் கையில் எடுத்துக்கொண்டதில் ஒரு தொல்லையும் சேர்ந்தே வந்தது. ஆற்றில் ஒரு வெள்ளத்தில் ஆயிரக்கணக்கான தாய் தந்தையர் கலந்து முட்டையிடுகிறார்கள். பொரிப்பகத்திலோ, ஒரே தாய்மீன் லட்சக்கணக்கான குஞ்சுகளைத் தருவதால், விரல்விட்டு எண்ணத்தக்க சில மீன்களே ஒரு மாவட்டத்துக் குளங்கள் அனைத்துக்கும் போதுமானவையாகிவிடுகின்றன. அவற்றின் மக்களையே அடுத்த தலைமுறைக்கும் தாய்களாக வைத்துக்கொண்டால், சில ஆண்டுகளில் உடன்பிறந்தவைக்குள்ளேயே இனம் பெருகி, வளர்ச்சி குன்றிய குஞ்சுகள் தோன்றுகின்றன. ஒரே தொட்டியில் பல இனங்களைச் சேர்த்து ஊசி போடும் அவசரக்காரர்களால் ரோகுவும் கட்லாவும் கலந்த கலப்பினங்களும் குளங்களில் நுழைந்திருக்கின்றன. இதை மாற்றும்பொருட்டு, 1990-களில் புவனேசுவரத்திலுள்ள நன்னீர் மீன் வளர்ப்பு ஆராய்ச்சி நிலையத்தார் நார்வே நாட்டவருடன் சேர்ந்து, பல ஆறுகளின் ரோகு மீன்களைத் திரட்டித் தேர்ந்தெடுத்து, ஜெயந்தி ரோகு என்ற விரைந்து வளரும் இனத்தை உருவாக்கினார்கள். பொரிப்பகம் வைத்திருப்போர், சில ஆண்டுகளுக்கு ஒருமுறையேனும் ஆற்றிலிருந்தோ வேறு ஊர்ப் பண்ணையிலிருந்தோ புதிய தாய்மீன்களைக் கொணர்ந்து சேர்க்க வேண்டும் என்பது மீன்வள அறிஞர்களின் அறிவுரை. அதற்காக இன்றும் ஆனி, ஆடி வெள்ளத்தில் சிலர் ஆற்றங்கரையில் அந்தப் பழைய நுண்வலையை விரித்துக் காத்திருக்கிறார்கள்.